கொழுந்து நிறுவையும் 68 வீதமும்: சிறுதோட்டக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

இலங்கையில் நம் மலையகத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று சொந்தமாகத் தேயிலை வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. காலையில் கொழுந்து கொய்து, கொழுந்து ஏற்றும் லொறி வரும் நேரத்துக்குள் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓட வேண்டும். அங்கே நிறுவை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். மாத வருமானம் முழுக்க அந்த இரண்டு நிமிஷத்தில்தான் தீர்மானமாகிறது.

முதலில் விலை. தொழிற்சாலை நினைத்த விலையைக் கொடுக்க முடியாது. 1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் தேயிலை ஆணையாளர் இதைக் கண்காணிக்கிறார். தொழிற்சாலை தன் தேயிலையை விற்றுப் பெறும் தேறிய (விற்பனைச் செலவு கழித்த) சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. கணக்கு விளங்க ஒரு உதாரணம்: ஒரு கிலோ தேயிலை சராசரியாக 1,000 ரூபாய்க்குப் போனால் உங்கள் பங்கு 680. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ சொச்சம் கொழுந்து வேண்டும். அதன்படி கொழுந்து கிலோவுக்கு ஏறக்குறைய 146 முதல் 150 ரூபாய் வர வேண்டும்.

சரி, விலை ஒழுங்காக வந்தும் காசு ஏன் குறைகிறது? கிலோவில்தான் குறைகிறது. சாக்குக்கு ஒரு கழிவு, மழைத்தண்ணிக்கு ஒரு கழிவு, முற்றின இலைக்கு இன்னொன்று. ஒரு மழைநாளில் என் அம்மா வீட்டில் நிறுத்துக் கொண்டுபோனது 23 கிலோ. நிறுத்தவர் தந்த துண்டுச் சீட்டில் எழுதியிருந்தது 19. கேட்டதற்கு "தண்ணி" என்று ஒரே சொல்தான் பதில். நனைந்த இலையில் தண்ணீர் ஒட்டியிருப்பது உண்மை, அதற்குக் கழிப்பதும் நியாயம். ஆனால் நாலு கிலோ தண்ணீர் என்பதை எதை வைத்து அளந்தார்கள்? கண்ணால் பார்த்துத்தான்.

கம்பளி வியாபாரத்திலும் இதே சிக்கல் இருந்தது. வெட்டிய ஆட்டுமயிரில் எண்ணெய்ப்பிசுக்கும் மண்ணும் வியர்வையும் கலந்திருக்கும். கழுவினால்தான் உண்மையான கம்பளி எவ்வளவு என்று தெரியும். ஆஸ்திரேலியாவில் அதற்கென்றே 1957இல் ஒரு சோதனை நிறுவனம் தொடங்கினார்கள். பொதியைத் துளைத்து மாதிரி எடுத்து, கழுவி, இழையின் பருமனை மைக்ரோன் கணக்கில் அளந்து, சான்றிதழ் கொடுக்கிறார்கள். விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை, மூன்றாவது ஒருவர் சோதிக்கிறார். நம் கொழுந்துக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்பதுதான் என் ஆசை. 1925இல் தொடங்கி, இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் நாட்டில் இது பெரிய காரியமில்லை.

அதுவரை இலையின் தரத்தை நீங்களே பார்க்கலாம். சாக்கின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து, 100 கிராம் நிறுங்கள். இரண்டு இலையும் மொட்டுமாக இளசாக இருப்பது ஒரு குவியல். முற்றினது, கசங்கிச் சிவந்தது இன்னொரு குவியல். நல்ல குவியல் எத்தனை கிராமோ அத்தனை வீதம். தேயிலைச் சபை 60 வீத நல்ல கொழுந்து என்ற இலக்கை வைத்து வேலைத்திட்டமே நடத்தியிருக்கிறது. உங்கள் இலை அதற்கு மேலே நின்றால், தரம் குறைவு என்று கழிக்கும்போது தைரியமாகக் கேளுங்கள். சாக்கை மிதித்து அமுக்க வேண்டாம். சூடேறி இலை வழியிலேயே சிவந்துவிடும், பிறகு நம் வாதம் எடுபடாது.

அப்புறம் தராசு. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டப்படி வியாபாரத்துக்குப் பயன்படும் எந்தத் தராசும் வருஷாவருஷம் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். லொறியில் தொங்கும் தராசும் அதில் அடக்கம். முத்திரையைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சாக்கு ஏறும் முன் முள்ளோ எண்ணோ பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கடையில் வாங்கிய, பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம்.

நிறுத்த கிலோ, கழித்த கிலோ இரண்டையும் துண்டில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். தராசு பற்றிய முறைப்பாடு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். விலை, கழிவு பற்றியது தேயிலைச் சபையில் உள்ள தேயிலை ஆணையாளருக்கு. தமிழிலேயே எழுதலாம். துண்டுகளின் பிரதியை மட்டும் அனுப்புங்கள், மூலத்தை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.