பெயின்ட் கம்பு ஏன் தலை தொங்குகிறது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பொங்கலுக்குள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். பழைய வீடு, பட்டாசல் (கூடம்) உயரம் 14 அடி. சாரம் கட்டாமல், ரோலரைக் கம்பில் மாட்டி நானே அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். கடையில் 6 முதல் 12 அடி வரை நீள்வது, 8 முதல் 16 அடி வரை நீள்வது என்று இரண்டு காட்டினார்கள். பெரியதை வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகும்தானே?"

ஆகாது. எனக்கு ஆகவில்லை. போன தைக்கு முன்னால் எங்கள் வீட்டுத் தார்சாவில் 16 அடியையும் முழுசாக இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். நனைந்த ரோலர் நுனியில் தூண்டில் மீன் மாதிரி துள்ளியது. சுவரில் ஒரு கோடு, தேக்கு உத்திரத்தில் ஒரு பூச்சு, ஆச்சி படத்துக் கண்ணாடியில் நாலு சொட்டு. பக்கத்து வீட்டில் வேலையாக இருந்த பெயின்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கம்பை எதுக்கு இம்புட்டு நீட்டுதீய? நாலடியை உள்ள தள்ளுங்க" என்றார். தள்ளினேன். துள்ளல் அடங்கிவிட்டது.

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டால், கம்பு தாழும் அளவு நீளத்தின் மும்மடிப்படி கூடும். நீளம் இரண்டு மடங்கானால் தாழ்வு எட்டு மடங்கு. கம்பின் சொந்த எடையால் வரும் தாழ்வோ பதினாறு மடங்கு. நெம்புகோல் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான், அதை விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்த இடம் வேறு: கம்பு ஏன் உள்ளே பொள்ளலாக இருக்கிறது?

கம்பு வளையும்போது அதன் மேல்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் நெருக்கப்படுகிறது. நடுவில் இருக்கும் பொருளுக்கு இரண்டும் இல்லை, சும்மா உட்கார்ந்து சோறு தின்கிறது. அந்த நடுப்பொருளை எடுத்து ஓரத்துக்கு அனுப்பினால் வேலை செய்யும். அதே எடை அலுமினியத்தைக் கெட்டிக் கம்பியாக இல்லாமல், இரண்டு மடங்கு பருமனுள்ள குழாயாகச் செய்தால் அதன் விறைப்பு ஏழு மடங்கு. கூடுதலாக ஒரு கிராம்கூட வேண்டாம்.

அப்படியானால் இன்னும் பருமனாக, இன்னும் மெல்லிசாகச் செய்துகொண்டே போகலாமே? கொல்லையில் பப்பாளி மரம் இருந்தால் ஓர் இலைக்காம்பை ஒடித்து வாருங்கள். பொள்ளல் தண்டு, சின்ன வயதில் ஊதி விளையாடியிருப்பீர்கள். இரண்டு கையாலும் மெதுவாக வளையுங்கள். முதலில் முறுக்காக எதிர்க்கும். பிறகு நடுவில் பாருங்கள்: வட்டமாக இருந்த தண்டு முட்டை வடிவமாகச் சப்புகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால், சட்டென்று மடிந்துவிடும்.

பக்கவாட்டில் யாரும் அமுக்கவில்லை. பின் எது சப்பையாக்கியது? கிணற்றுக் கயிறு சகடையின் மேல் வளைந்து போகும்போது சகடையைக் கீழே அமுக்குகிறதல்லவா? வளைந்த தண்டின் இழுபடும் மேல்பக்கம் அந்தக் கயிறு மாதிரி, உள்நோக்கி அமுக்குகிறது. நெருக்கப்படும் கீழ்ப்பக்கமோ இரண்டு முனையிலும் தள்ளப்பட்ட பட்டை மாதிரி மேல்நோக்கிப் புடைக்கப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து நடுவை நசுக்குகின்றன. சப்பினால் விறைப்பு குறையும். குறைந்தால் இன்னும் வளையும். வளைந்தால் இன்னும் சப்பும். இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் பிரேசியர் என்ற ஆய்வாளர், 1927இல்.

மூங்கில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. கணுவை ஒட்டி ஒரு துண்டு அறுத்துப் பாருங்கள், அடி மூடிய உழக்கு மாதிரி இருக்கும். அந்த மூடிதான் சங்கதி. கணுவுக்குக் கணு ஒரு வில்லை நின்று, குழாயைச் சப்ப விடாமல் வட்டமாகவே வைத்திருக்கிறது. போதாததற்கு, நார்களை எல்லாம் வெளித்தோல் பக்கம் நெருக்கமாகவும் உள்பக்கம் இடைவெளி விட்டும் அடுக்கி வைத்திருக்கிறது. நெல்லையப்பர் கோயிலின் தலவிருட்சம் மூங்கில், இந்த ஊரே ஒரு காலத்தில் வேணுவனம் என்பார்கள். மரமாக வணங்கினாலும் தாவரவியல்படி அது புல். அதே 1927இல் வந்த வனச்சட்டம் அதையும் மரக் கணக்கில்தான் சேர்த்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தக் கணக்கிலிருந்து விடுவிக்க 2017 ஆகிவிட்டது. புராஜெக்ட் என்றாலே ட்ரோன் செய்யும் நம் கல்லூரிகளில், ஒரு பிள்ளைக்காவது மூங்கிலை வளைத்துப் பார்க்கச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

சரி, கடைக்கு வருவோம். இழுப்புக் கம்பில் கணு கிடையாது. அதனால் சுவர் ரொம்ப மெல்லிசான குழாயை வாங்காதீர்கள், கட்டைவிரலால் அமுக்கினாலே தெரியும். உள்குழாய் வெளிக்குழாயைவிடச் சிறியது. ஒரே தடிப்பில் 32 மி.மீ. குழாயும் 25 மி.மீ. குழாயும் இருந்தால், சிறியதன் விறைப்பு பாதிக்கும் கீழே. ஆகவே கை எப்போதும் பருத்த பக்கம் இருக்க வேண்டும். இரும்பு, அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு விறைப்பு என்பார் கடைக்காரர். உண்மைதான், எடையும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சொந்த எடைக்கு இரண்டும் ஒரே அளவுதான் தொங்கும். தோள்தான் தனியாக வலிக்கும். கண்ணாடி நார்க் குழாய் அதே அளவு அலுமினியக் குழாயைவிடக் கணிசமாக அதிகம் வளையும், ஆனால் மின்சாரம் கடத்தாது. வெளிச்சுவர் என்றால் அதையே வாங்குங்கள். அதுவும் காய்ந்து சுத்தமாக இருக்கும் வரைதான். செவ்வாய்க்கிழமை பெயின்ட் டப்பாவைத் திறக்க மாட்டேன் என்ற ஒருவர், புதன்கிழமை காலை சர்வீஸ் வயருக்கு ஒரு முழம் தள்ளி அலுமினியக் கம்பை ஆட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். கரண்டுக்குக் கிழமை தெரியாது அண்ணாச்சி.

இப்போது உங்கள் 14 அடி. கம்பை முன்னால் பிடிக்கும் கை (முன்கை) நாலரை அடி உயரத்தில் இருந்தால் ரோலர் அங்கிருந்து ஒன்பதரை அடி ஏற வேண்டும். பின்கைக்கு இரண்டடி விட்டால் 12 அடிக் கம்பில் முன்கைக்கு அப்பால் 10 அடி. கம்பு சுமார் 72 பாகையில் நிமிர்ந்து நிற்கும். 16 அடியை முழுசாக நீட்டினால் அப்பால் 14 அடி. அதே சீலிங்கைத் தொட 43 பாகைக்குச் சாய்க்க வேண்டும். நீளத்தால் தாழ்வு 2.7 மடங்கு. சாயச் சாய எடை கம்பைக் குறுக்காக அதிகம் அழுத்தும், அந்தச் சாய்வால் இன்னொரு 2.4 மடங்கு. குழாய் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் பெருக்க ஆறு மடங்குக்கு மேல் வருகிறது. 12 அடியை வாங்குங்கள். வாங்குமுன் ரோலர் பிடியில் உள்ள மரையும் கம்பின் மரையும் பொருந்துகிறதா என்று கடையிலேயே திருகிப் பார்த்துவிடுங்கள்.