நாற்காலிக்கு உரிய அனுமதி

ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தைச் சில ஆண்டுகள் பராமரித்தேன். எல்லாவற்றிலும் லினக்ஸ் இயங்குதளம். "ஹெட்போனில் சத்தமே வரவில்லை, சார்" என்று ஒரு மாணவர் வந்து நின்றார். காரணம் தேடப் பொறுமையில்லாமல் எல்லாப் பயனர்களையும், ஒலிச் சாதனங்களைப் பயன்படுத்த அனுமதி தரும் 'ஆடியோ' குழுவில் சேர்த்துவிட்டேன். சத்தம் வந்தது.

அடுத்த வாரம் ஆளில்லாத கணினி ஒன்று தானாகப் பாடத் தொடங்கியது. பக்கத்து அறையிலிருந்து ஒருவன் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) மூலம் நுழைந்து செய்த குறும்பு. பாட்டோடு விட்டானே! அதே அனுமதியை வைத்து மைக்கைத் திறந்து, அங்கே உட்கார்ந்து பேசுபவர்களின் பேச்சையும் பதிவு செய்திருக்கலாம். தப்பு என்னுடையது.

குழு உரிமை ஆளுக்குத் தரப்படுவது. அவர் எங்கிருந்து நுழைந்தாலும் கூடவே வரும். மைக்கும் கேமராவும் திரைக்கு முன் இருப்பவருக்குத்தான் வேண்டும். லினக்ஸில் மைக், கேமரா போன்ற சாதனங்களும் கோப்புகளாகவே தெரியும். ரெட் ஹாட் என்ற லினக்ஸ் வகையில் அக்காலத்தில் பாம்-கன்சோல் என்ற நிரற்கூறு திரைக்கு முன் இருப்பவருக்கு மட்டும் அனுமதி தந்தது: நேரில் நுழைந்தவருக்குச் சாதனக் கோப்பின் உடைமையை மாற்றித் தரும், வெளியேறியதும் திரும்பப் பெறும். இன்று பயனர் நுழைவுகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்டி என்ற நிரல் உடைமையைத் தொடுவதில்லை; அவர் பெயரை மட்டும் அந்தக் கோப்பின் அனுமதிப் பட்டியலில் சேர்க்கிறது. ls -l கட்டளை காட்டும் கோப்பின் அனுமதி வரிசை முடிவில் தெரியும் + குறி அதன் அடையாளம்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. அனுமதி சரிபார்க்கப்படுவது கோப்பைத் திறக்கும்போது மட்டும்தான். மைக்கைத் திறந்த நிரலைப் பின்னணியில் ஓடவிட்டு ஒருவர் எழுந்து போனால், அடுத்து உட்காருபவரின் பேச்சும் அதில் விழக்கூடும்.

எது வசதி என்பது இடத்தைப் பொறுத்தது. 2009 நவம்பரில் வந்த ஃபெடோரா 12 என்ற லினக்ஸ் பதிப்பு, வெளியீட்டாளரின் மின்கையொப்பமுள்ள மென்பொருளை, நேரில் அமர்ந்தவர் ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல் இல்லாமலே நிறுவ இடமளித்தது. சொந்த மடிக்கணினியில் எனக்கு அது பிடித்திருக்கும். எழுபது பேர் மாறி மாறி உட்காரும் கூடத்தில் தலைவலி. எதிர்ப்புக் கிளம்பவே, கடவுச்சொல் கேட்கும் பழைய முறையை விரைவில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

உங்கள் கூடத்தில் ஆடியோ, வீடியோ, டிஸ்க் குழுக்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். டிஸ்க் குழுவில் இருப்பவர் வன்தட்டையே நேரடியாகப் படிக்கலாம். கோப்பு அனுமதிகள் அவரைத் தடுக்காது.

நான் ஆடியோ குழுவைக் காலி செய்தேன். பயனர் வெளியேறும்போது அவருடைய நிரல்கள் அனைத்தையும் நிறுத்தும்படி லாகின்டியை அமைத்தேன். இரவெல்லாம் கணக்கீட்டு நிரல்களை ஓடவிடும் ஆய்வு மாணவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கு மைக் இல்லாத இரண்டு கணினிகளைத் தனியாக ஒதுக்கினேன்.