கனமும் வேகமும் ஈடுகட்டிக்கொள்ளும் கணக்கு

ஊசி மாட்டாத ஒரு சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டை முழுக்க வெளியே இழுத்து, முனையைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்துவிட்டு, மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள். முதலில் சுலபமாகப் போகும். பாதித் தூரம் வருவதற்குள் கை திணற ஆரம்பிக்கும். பிடியை விட்டால் தண்டு தானாகவே பின்னுக்கு வரும். உள்ளே இருப்பது வெறும் காற்றுதான். அதற்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை, மூலக்கூறுகளின் எண்ணிக்கை நான்கையும் இணைக்கும் வாயு விதி இதற்குப் பதில் சொல்கிறது.

காற்றின் மூலக்கூறுகள் ஒரு கணம்கூடச் சும்மா இருப்பதில்லை. அறை வெப்பநிலையில் நைட்ரஜன் மூலக்கூறு ஒன்று நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. வழியில் மற்ற மூலக்கூறுகள்மேல் முட்டுகிறது, சுவரில் மோதித் திரும்புகிறது. ஒரே ஒரு மோதலை நம்மால் உணரவே முடியாது. கோடானுகோடி மோதல்கள் இடைவிடாமல் விழும்போது அது ஒரே சீரான தள்ளலாகத் தெரிகிறது. அழுத்தம் என்று சொல்வது இதைத்தான்.

இடத்தைப் பாதியாகக் குறைத்தால் அதே மூலக்கூறுகள் பாதி இடத்தில் நெருக்கியடிக்கும். சுவரில் விழும் மோதல் இரண்டு மடங்காகும், அழுத்தமும் இரண்டு மடங்காகும். கொக்கிபோல வளைந்த, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி ராபர்ட் பாயில் இதை அளந்து 1662இல் வெளியிட்டார். மெதுவாகத் தள்ளச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வேகமாக அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று சூடாகிவிடும், அழுத்தம் இரண்டு மடங்கையும் தாண்டிப் போகும். சைக்கிள் பம்ப்பைத் தொடர்ந்து அடித்தால் அதன் அடிப்பாகம் சுடுவது இதனால்தான்.

சரி, சூடு என்ன செய்கிறது? மூலக்கூறுகளை இன்னும் வேகமாக ஓடவைக்கிறது. வேகம் கூடினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும், அடிக்கடியும் விழும். மூடிய கலத்தில் அழுத்தம் ஏறும். சுவர் நகரக்கூடியதாக இருந்தால் வாயு விரிந்துகொள்ளும். இந்த விரிவை 1787 வாக்கில் ஜாக் சார்லஸ் கவனித்தார். 1802இல் கே-லூசாக் அதை முறையாக அளந்து வெளியிட்டார்.

பலர் தடுமாறுவது இங்கேதான். 27 டிகிரி செல்சியஸில் இருந்த டயர் ஓடி ஓடி 57 டிகிரிக்குச் சூடாகிறது என்று வையுங்கள். 27 எங்கே, 57 எங்கே, அழுத்தம் இரண்டு மடங்குக்குமேல் போயிருக்குமே என்று தோன்றும். ஆனால் செல்சியஸின் பூஜ்ஜியம் தண்ணீர் உறையும் இடம், அவ்வளவுதான். வாயுவின் உண்மையான பூஜ்ஜியம் மைனஸ் 273.15 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து எண்ணுவதுதான் கெல்வின் அளவு. அதன்படி டயர் 300லிருந்து 330க்குப் போயிருக்கிறது. பத்து சதவீத ஏற்றம்தான்.

டயரின் காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது காட்டும் 32 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு), வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ள மிச்சம் மட்டும்தான். வெளிக்காற்றின் 14.7ஐச் சேர்த்தால் உள்ளே 46.7. அதில் பத்து சதவீதம் கூடினால் 51.4. மறுபடி 14.7ஐக் கழித்தால், மீட்டர் 37க்குப் பக்கத்தில் காட்டும். டயரின் கனஅளவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வெப்பநிலையோ அழுத்தமோ, உண்மையான பூஜ்ஜியத்திலிருந்து எண்ணாவிட்டால் வாயுக் கணக்கு எதுவும் சரியாக வராது.

இதுவரை எந்த வாயு என்றே நான் சொல்லவில்லை. இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஒரே அளவுள்ள இரண்டு கலங்கள். ஒன்றில் ஹைட்ரஜன், மற்றதில் ஆக்சிஜன். மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் வெப்பநிலையும் இரண்டிலும் ஒன்றே. ஆக்சிஜன் மூலக்கூறு ஹைட்ரஜனைவிடப் பதினாறு மடங்கு கனமானது. அப்படியானால் அதுதானே சுவரை அதிகமாகத் தள்ள வேண்டும்? ஆனால் 25 டிகிரியில் ஹைட்ரஜன் நொடிக்குச் சுமார் 1,920 மீட்டர் ஓடுகிறது, ஆக்சிஜன் சுமார் 480 மீட்டர்தான். கனம் பதினாறு மடங்கு, வேகம் நான்கில் ஒரு பங்கு. ஆகவே ஆக்சிஜனின் ஒவ்வோர் அடியும் நான்கு மடங்கு பலமாக விழுகிறது. ஆனால் வேகம் குறைவு என்பதால் ஹைட்ரஜன் நான்கு முறை சுவரைத் தொடும் நேரத்தில் அது ஒரே முறைதான் தொடுகிறது. கனத்தில் கூடியது வேகத்தில் கழிந்துபோக, இரண்டு கலத்திலும் அழுத்தம் ஒன்றாகவே நிற்கிறது. அழுத்தத்துக்கு எண்ணிக்கைதான் கணக்கு, ஆள் யாரென்று அது பார்ப்பதில்லை. ஒரே கனஅளவு, ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் என்றால் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் ஒன்றே என்று அவகாட்ரோ 1811இல் சொன்னதன் உட்பொருள் இதுதான்.

இந்தத் துண்டுகளை 1834இல் கிளாபேரோன் ஒன்றாகச் சேர்த்தார். இன்று அதை எழுதும் விதம் இது: அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கினால் வருவதும், மோல் எண்ணிக்கை, வாயு மாறிலி, கெல்வின் வெப்பநிலை மூன்றையும் பெருக்கினால் வருவதும் சமம். ஒரு மோல் என்பது 6.022 × 10²³ மூலக்கூறுகள். வாயு மாறிலி என்பது எல்லா வாயுவுக்கும் பொதுவான ஒரு மாறாத எண்; அழுத்தத்தைப் பாஸ்கலிலும் கனஅளவைக் கன மீட்டரிலும் எடுத்தால் அதன் மதிப்பு 8.314. இதை வைத்துக் கணக்கிட்டால், 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் இடம் வேண்டும் என்று வரும்.

மூலக்கூறுகள் வெறும் புள்ளிகள், ஒன்றையொன்று இழுப்பதில்லை என்ற அனுமானம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட வாயுவைத்தான் நல்லியல்பு வாயு என்கிறோம். சாதாரண நிலையில் காற்று ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது. மிகவும் நெருக்கினாலோ குளிர்வித்தாலோ மூலக்கூறுகளின் சொந்தப் பருமனும், அவற்றுக்கிடையே உள்ள ஈர்ப்பும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். 1873இல் வான் டெர் வால்ஸ் இவை இரண்டுக்கும் திருத்தம் சேர்த்துப் புதிய சமன்பாடு எழுதினார்.

ஈர்ப்பு முற்றினால் என்ன ஆகும் என்பதை, உள்ளே தெரியும்படியான ஒரு லைட்டரில் பார்க்கலாம். அடியில் தளும்புவது திரவமாகிவிட்ட பியூட்டேன். பாதி தீர்ந்தாலும் சுடர் குறைவதில்லை. மேலே உள்ள வாயு வெளியேற வெளியேற, திரவம் ஆவியாகி அந்த எண்ணிக்கையை நிரப்பிவிடுகிறது. கடைசித் துளி மறைந்த பிறகுதான் நம் விதி உள்ளே வருகிறது. அப்புறம் வெளியேறும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அழுத்தம் குறைகிறது, சுடரும் சிறுத்துக்கொண்டே வந்து அணைகிறது.