சாம்பல் ஜாடிக்குள் பச்சை எப்படி வந்தது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடியும் பித்தளைச் சொம்பும் வாங்கி, ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் (செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) வைத்து வரைவதாக வைத்துக்கொள்வோம். முற்றத்து வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் போதும்.

முதலில் கண்ணை இடுக்கிப் பாருங்கள். கல்லின் பூவேலை, சொம்பின் நசுங்கல், ஜாடியின் கீறல் எல்லாம் மறைந்துவிடும். ஜாடி ஓர் உருளை. சொம்பு ஓர் உருண்டை, மேலே விரிந்த வாய். மிஞ்சும் நான்கைந்து வெளிச்ச, நிழல் திட்டுகள்தான் பொருளுக்குக் கனம் தருகின்றன. பூவேலையை அப்புறம் சேர்க்கலாம். (விட்டுவிடுவதே நல்லது என்பேன்.)

சரி, நிறம். நிழல் பக்கத்துக்காக ஒரு நிறத்தை மங்கலாக்க வேண்டும் என்றதும் கை கறுப்பு டியூபுக்குத்தான் போகும். சொம்பின் மஞ்சளில் அதைக் கலந்தால் பாசிப் பச்சை வந்து நிற்கும். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் நீலச் சாயல் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பதில் துளி ஊதா கலந்து பாருங்கள். மஞ்சள் சாயம் ஒளியின் நீலப் பகுதியை விழுங்குகிறது. ஊதா, நடுவிலுள்ள பச்சையையும் மஞ்சளையும் விழுங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் எந்தப் பகுதியும் முழுசாகத் திரும்பி வராது. மிஞ்சி வருவதைத்தான் நாம் மங்கிய பழுப்பாகப் பார்க்கிறோம்.

இனிதான் வேடிக்கை. பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்து நிறங்கள்தான் கறுப்பை மாற்றிக் காட்டின. இதை 1839இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார்.

காவிச் சிவப்புத் தரைக்குப் பக்கத்தில் ஜாடியின் நிழல் பக்கத்தை வெறும் சாம்பலால் தீட்டினால், அதில் லேசாகப் பச்சை ஓடும். தூரிகையில் பச்சையே இல்லை. சிவப்புக்கு அருகில் இருப்பதில் கண்ணும் மூளையும் கொஞ்சம் சிவப்பைக் கழித்துக் கணக்கிடுவதால் வரும் நிறம் அது. ஜாடியே பளிச்சென்ற நீலமாக இருந்தால் இந்த மாற்றம் எடுபடாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவரும் ஜாடியின் வெள்ளைப் பாதியும் ஒட்டிக்கொண்டு தெரிந்தால், ஓவியத்தை மொபைலில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால் கோளாறு நிறத்தில் இல்லை, வெளிச்ச அளவில். ஒன்றை ஒரு படி இருட்டாக்கினால் பிரிந்துவிடும். இத்தாலியில் பாட்டில்களையும் ஜாடிகளையும் வைத்தே பல பத்தாண்டுகள் வரைந்த ஜியோர்ஜியோ மொராண்டி (1890–1964) சில ஓரங்களை வேண்டுமென்றே அப்படி ஒட்டவிட்டார்.