மின்சார எஸ்யூவி: வேலூர் ரோட்டில் எவ்வளவு ஓடும், எவ்வளவு நேரத்தில் ஏறும்?

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் வீடுகளுக்குக் கார் சார்ஜர் பொருத்திக் கொடுப்பது என் தொழில். சித்திரை பிறந்து வெயில் ஏறிவிட்டால் போதும், போனில் ஒரே கேள்விதான் வரும். "சார், கம்பெனியில 450 கிலோமீட்டர்னு சொன்னாங்க. ஹைவேயில 250 தாண்ட மாட்டேங்குது. பேட்டரி போயிடுச்சா?"

பெரும்பாலும் பேட்டரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த 450 எங்கே எடுத்த கணக்கு என்று வாங்கும்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் விளம்பரத்தில் போடும் ரேஞ்சு, ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டி எடுப்பது. எம்ஐடிசி என்று அந்தச் சோதனைக்குப் பெயர். அதன் முதல் பாகம் டவுனுக்குள் ஓட்டுவது மாதிரி, சராசரி வேகம் 20-ஐக்கூட எட்டாது. இரண்டாம் பாகத்தில் வேகம் கூடும், ஆனாலும் 90-ஐத் தாண்டாது. ஏசி ஓடாது. கிரீன் சர்க்கிளிலிருந்து பாகாயம் வரை ஏசி இல்லாமல் பொறுமையாக ஓட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். வாலாஜா டோலைத் தாண்டி 100-ல் பறக்கிறவருக்கு ஒத்துவராது.

நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, கிலோமீட்டரை மறந்துவிட்டு யூனிட்டில் யோசியுங்கள் என்பதுதான். பேட்டரியின் அளவாகப் போட்டிருக்கும் கிலோவாட் ஹவர் என்பது ஈபி கார்டில் பார்க்கும் அதே யூனிட். 45 என்று போட்டிருந்தால் 45 யூனிட் பிடிக்கும். இனி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் ரோட்டில், என் வேகத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

டவுனுக்குள் நடுத்தர எஸ்யூவி ஒன்று யூனிட்டுக்கு 7, 8 கிலோமீட்டர் தரும். நெடுஞ்சாலையில் 80-ல் நிதானமாகப் போனால் ஆறு, ஆறரை. 100-ல் நிலையாகப் போனால் ஐந்து, ஐந்தரை. காரணம் காற்று. காற்று வண்டியைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகத்தை அதே வேகத்தால் பெருக்கினால் வருவதற்கு) ஏற்ப ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றின் தடையோ ஒன்றரை மடங்குக்கும் மேல். 120-ல் அது 80-ல் இருந்ததைப் போல இரண்டே கால் மடங்கு. எஸ்யூவிக்கு முகம் அகலம், உயரம் அதிகம், அதனால் அடி இன்னும் பலமாக விழும். மேலே கேரியர் கட்டி மூட்டை ஏற்றினால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் ஏசி. இதில் பலரும் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். ஹைவேயில் ரேஞ்சு குறைகிறதே என்று ஏசியை அணைத்து, வேர்த்து விறுவிறுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டுவார்கள். வண்டி உள்ளே குளிர்ந்த பிறகு ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் மாதிரி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-ல் போகிறவர் அந்த ஒரு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் கடந்துவிடுகிறார், ஏசியால் அவருக்குப் போனது எட்டுக் கிலோமீட்டர் அளவுக்குத்தான். அதே ஏசி, அதே ஒன்றரை யூனிட், காட்பாடி ரோட்டில் ஊர்ந்து போகிறவர் அந்த ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டர்தான் நகர்ந்திருப்பார். ஏசியின் செலவு கடிப்பது டவுனில். அக்னி நட்சத்திர வெயிலில் வெட்டவெளியில் நிறுத்திய வண்டியை எடுத்த முதல் பத்து நிமிடம் இன்னும் மோசம். வீட்டில் கிளம்புவதற்கு முன்பே, சார்ஜர் மாட்டியிருக்கும்போதே, போன் ஆப்பிலிருந்து ஏசியைப் போட்டுக் குளிர்வித்துவிட்டால் அந்தச் செலவு ஈபி தலையில் போய்விடும். ஹைவேயில் வேகத்தைப் பத்துக் குறையுங்கள், ஏசியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலூரிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 210 கிலோமீட்டர். 45 யூனிட் வண்டி, 100-ல் ஓட்டுகிறோம், யூனிட்டுக்கு ஐந்தரை. மொத்தம் 247 வருகிறது. கடைசிச் சொட்டு வரை ஓட்டக் கூடாது, பத்து சதவீதம் கையிருப்பு வேண்டும், ஆக 222. போய்ச் சேர்ந்துவிடலாம் போலத் தெரிகிறதா? வேலூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே. பெங்களூர் 900-க்கும் மேலே. ஆளும் பெட்டியுமாக இரண்டேகால் டன் எடையை 700 மீட்டர் உயரத்துக்குத் தூக்க நாலரை, ஐந்து யூனிட் தனியாக வேண்டும். பெரும்பகுதி ஏற்றம் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், அதாவது பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு வருகிறது. அந்த ஐந்து யூனிட்டைக் கழித்தால் மிஞ்சுவது 195 கிலோமீட்டர். ஓசூர் தாண்டியதும் திரையில் சிவப்பு எரியும், வண்டியில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்குப் படபடப்பு. திரும்பி வரும்போது அதே வண்டி, அதே ஆட்கள், இறக்கம் என்பதால் தாராளமாக வந்து சேரும். ஒரே ரோட்டுக்குப் போக ஒரு ரேஞ்சு, வர ஒரு ரேஞ்சு. சென்னைக்குப் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. 140 கிலோமீட்டர், சின்ன இறக்கம், எந்த எஸ்யூவியும் போய்விடும்.

எனவே பெங்களூர் பயணத்தில் கிருஷ்ணகிரியை ஒட்டி ஒரு நிறுத்தம் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். ஏற்றம் தொடங்கும் முன், பேட்டரி பாதிக்குக் கீழே வந்திருக்கும் நேரம், டிபனுக்கும் சரியான இடம். அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதுதான் அடுத்த சங்கதி.

சார்ஜர் பெட்டியில் 60 என்று எழுதியிருந்தால் 60 கிலோவாட், அதாவது மணிக்கு 60 யூனிட் ஏறும் வேகம், கிடைக்கும் என்று நம்பிப் போகிறார்கள். அந்தப் பெட்டியில் இரண்டு கன் (வண்டியில் செருகும் முனை) இருந்து, பக்கத்தில் இன்னொரு வண்டி மாட்டியிருந்தால் பல இடங்களில் ஆளுக்கு 30-தான். நீங்கள் மட்டுமே இருந்தாலும், வாங்கிக்கொள்ளும் வேகத்தை முடிவு செய்வது வண்டி. ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்குக் கம்பெனியே சொல்லும் கணக்கு, 50 கிலோவாட் சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதம் வர 58 நிமிடம். 51.4 யூனிட் பேட்டரியில் அந்த 70 சதவீதம் என்பது 36 யூனிட். வகுத்துப் பார்த்தால் சராசரி 37 கிலோவாட்தான். மஹிந்திரா பிஇ 6-ன் 79 யூனிட் பேட்டரி 20-லிருந்து 80-க்கு 20 நிமிடத்தில் ஏறும் என்கிறார்கள். அது 175 கிலோவாட் சார்ஜரில். அதே வண்டியை 60 கிலோவாட் பெட்டியில் மாட்டினால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு கம்பெனியும் பொய் சொல்லவில்லை. நம் வழியில் இருக்கிற சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று பார்க்காமல் நிமிடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்வது நாம்தான்.

சார்ஜர் திரையைக் கொஞ்சம் நேரம் கவனித்துப் பாருங்கள். 20 சதவீதத்தில் 48, 49 என்று ஓடும் எண், 60-ஐத் தாண்டியதும் இறங்க ஆரம்பிக்கும். 80-ல் பாதி. 90-க்கு மேல் 10, 12 என்று நொண்டும். செல்லுக்குள் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார வேண்டும். இடம் நிறைய நிறைய உள்ளே போக நேரமெடுக்கும். அப்போதும் மின்சாரத்தை வேகமாகத் தள்ளினால், உள்ளே போக முடியாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். அது பேட்டரிக்குத் தீராத சேதம். அதனால் வண்டியின் மூளையே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கோளாறு ஏதுமில்லை. மே மாதத்தில், 42 டிகிரி வெயிலில், 100-ல் ஓட்டி வந்து உடனே மாட்டினால் பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். அதைக் குளிர்விக்கவும் மின்சாரம் போகும், சூடு தணியும் வரை ஏறும் வேகமும் குறையலாம். ஆகவே ஹைவே சார்ஜரில் 80 வந்ததும் கழற்றிவிட்டுக் கிளம்புவதுதான் லாபம். பின்னால் ஒருவர் கைக்குழந்தையோடு வெயிலில் காத்திருக்க, நூறு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது.

வீட்டில் நூறு போடலாமா என்பது பேட்டரி வகையைப் பொறுத்தது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் மின்னழுத்தம் ஒரே மட்டத்தில் இருப்பதால், அவ்வப்போது முழுசாக ஏற்றாவிட்டால் வண்டிக்கு மிச்சக் கணக்கே தவறிப்போகும், 18 சதவீதம் காட்டிய திரை திடீரென்று 9 காட்டும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) என்றால் தினப்படிக்கு 80 போதும், வெளியூர் போகிற அன்று நூறு. கையேட்டில் போட்டிருக்கும், படியுங்கள்.

ஏலகிரி போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி மேலே தங்கி, இரவு முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் நூறோடு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்கு, இறங்கும்போது உற்பத்தியாகும் மின்சாரத்தை வாங்க இடம் இருக்காது. ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி தானாக இழுத்துப் பிடிக்கும் பழக்கத்தில் நாம் இருப்போம், அன்றைக்கு அது பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும், இரண்டு டன் வண்டி. மேலே 85, 90-ல் நிறுத்திவிட்டால் பாதுகாப்பு, இறங்கி முடிக்கும்போது இரண்டு மூன்று யூனிட் கூடியும் இருக்கும்.

வீட்டுச் சார்ஜ் என் சொந்தத் துறை, அதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் 3.3 கிலோவாட்டுக்கு மேல் வராது. 45 யூனிட் வண்டிக்கு, வழியில் வீணாவதையும் சேர்த்து, 15 மணி நேரம். தினம் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அதுவே போதும், இரவில் மூன்று நான்கு மணி நேரத்தில் ஈடாகிவிடும். 7.2 கிலோவாட் பெட்டி வேண்டுமென்றால் 32 ஆம்பியருக்குத் தனி லைன், 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர், தனி ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஈபியில் கூடுதல் லோடுக்கு மனு, எல்லாம் வேண்டும். வோல்டேஜ் 190-க்கு இறங்கும் கிராமத்தில் அந்தப் பெட்டியும் 6 கிலோவாட்தான் தரும்.

மெயினிலிருந்து ஏசிக்கு இழுத்த பழைய வயரிலேயே காரையும் மாட்டிவிடும் வீடுகளில் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். பின் பழுப்பேறி, சாக்கெட்டின் நியூட்ரல் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் உப்பிக் கிடக்கும். ஏசியைப் போல விட்டுவிட்டு ஓடாமல் மணிக்கணக்கில் ஒரே சீராக 15 ஆம்பியர் இழுத்தால் தளர்ந்த ஸ்க்ரூ ஒன்று போதும், சூடேறிவிடும்.

இதைவிடப் பயப்பட வேண்டியது எர்த் விஷயம். நம் பக்கத்து மண் கோடையில் காய்ந்து எர்த் குழியும் வறண்டுவிடும். எர்த் சரியில்லை என்று கண்டுபிடித்து வண்டி சார்ஜ் ஏற மறுக்கும். உடனே யாராவது ஒருவர் வந்து, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போவார். வண்டி ஏறும், வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். என்றைக்காவது அந்த லைனில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் நேராகக் கார் பாடிக்கு வரும். ஈரக் கையோடு கதவைத் தொடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். தயவுசெய்து இதை யாரையும் செய்ய விடாதீர்கள். குழியைச் சரிசெய்யச் சொல்லுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள், எர்த் மெகரில் (எர்த்தின் மின்தடையை அளக்கும் கருவி) அளந்து ஓம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். எங்கள் ஆட்கள் அரை மணி நேரத்தில் செய்கிற வேலை.

இவ்வளவும் சொன்னதால் மின்சார எஸ்யூவி வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்த இடத்தில் நிறுத்த வசதி, தினமும் ராணிப்பேட்டை சிப்காட்டுக்கோ ஆம்பூருக்கோ போய்வரும் வேலை என்றால் இதைவிடச் செலவு குறைந்த வண்டி இல்லை. தெருவில் நிறுத்துகிறவர், பொதுச் சார்ஜரை மட்டும் நம்பி இருப்பவர் என்றால் இப்போதைக்குப் பொறுங்கள் என்றே சொல்வேன். வாங்குவது என்று முடிவானால், ஷோரூம்காரர் டவுனுக்குள் ஒரு சுற்று காட்டுவதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு ஆட்களை ஏற்றி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஏசி போட்டு, பள்ளிகொண்டா டோல் வரை 100-ல் போய் அதே ரோட்டில் திரும்புங்கள். கிளம்பும் முன் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, திரும்பியதும் யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று பாருங்கள். அந்த எண்ணைப் பேட்டரியின் யூனிட்டால் பெருக்கி, பத்து சதவீதம் கழித்து, அதை வைத்துப் பேரம் பேசுங்கள்.