குளூட்டனை வெட்ட வயிறு ஏன் திணறுகிறது?

ஒரு கைப்பிடி கோதுமை மாவைப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்கடியில் பிடித்து மெல்லக் கசக்கிப் பாருங்கள். முதலில் பால் மாதிரி வெள்ளையாக ஓடும், அது மாவுச்சத்து. தண்ணீர் தெளிந்த பிறகும் கையில் மிஞ்சுகிறதே, சூயிங்கம் மாதிரி இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற பழுப்பு உருண்டை, அதுதான் குளூட்டன். இத்தாலியில் பெக்காரி என்பவர் 18ஆம் நூற்றாண்டிலேயே இப்படிக் கழுவித்தான் அதைப் பிரித்தெடுத்தார். கோதுமைப் புரதத்தில் சுமார் 80 சதவீதம் இதுதான்.

சரி, இந்த உருண்டையை வயிறு என்ன செய்யும்? புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. வயிற்றில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சினும் அதைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும், ஆனால் ஒவ்வொரு நொதியும் தனக்குப் பழகிய இடத்தில் மட்டுமே வெட்டும். குளூட்டனிலோ புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய. அது தன்னோடு தானே வளையமாக மடங்கிக் கிடப்பதால், அந்த இடத்தில் சங்கிலி விறைத்துக்கொண்டு நொதியின் வாய்க்குள் போக மறுக்கிறது. கிளையடின் என்ற குளூட்டன் வகையிலிருந்து வரும் 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு, செரிமான நொதிகளோடு பல மணி நேரம் இருந்தும் அறுபடாமல் நிற்பதை 2002இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலானோருக்கு இதனால் தொந்தரவு இல்லை. நூற்றில் ஒருவருக்கு இருக்கும் செலியாக் நோயில்தான் நோய் எதிர்ப்பு மண்டலம் இப்படிப்பட்ட துண்டுகளைப் பார்த்துக் கொதித்தெழுந்து குடலின் உட்சுவரையே சிதைக்கிறது.

வேகவைத்தால் எல்லாம் எளிதில் செரிக்கும் என்று நாம் நம்புகிறோம், அது பாதி உண்மை. சூடு பட்டதும் சுருண்ட புரதம் விரிந்து, மறைந்திருந்த இடங்கள் நொதிக்கு எட்டும். ஆனால் சூடு ஏற ஏற, பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் கந்தகப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகவும் செய்கின்றன, இறுகிய வலைக்குள் நொதி நுழைவது கஷ்டம். பிரெட்டின் உள்பக்கம் ஈரமாக இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டாது. மேல்தோல் காய்ந்துவிடுவதால் அங்கே வெப்பம் அதையும் தாண்டி எகிறிவிடும். அந்த அழகான பழுப்பு நிறமும் வாசனையும் சர்க்கரை லைசின் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் மைலார்ட் வினையிலிருந்து வருபவை. டிரிப்சின் வெட்டுகிற இரண்டே அமினோ அமிலங்களில் லைசின் ஒன்று என்பதால், சர்க்கரை ஒட்டிய இடத்தில் அதற்கு வேலை ஓடாது. ஏற்கெனவே கோதுமையில் லைசின் குறைவு, அதிலும் ஒரு பங்கு தோலோடு போகிறது என்றால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

புளிக்கவைப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவைப் புளிக்கச் செய்ததும், மாவிலேயே சும்மா கிடந்த நொதிகளுக்கு அந்தப் புளிப்பு தோதாக அமைந்து, நாம் வாயில் வைக்கும் முன்பே வெட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. கந்தகப் பிணைப்புகளும் தளர்கின்றன. இதற்குப் பல மணி நேரம் வேண்டும், ஈஸ்ட் போட்டு ஒரு மணி நேரத்தில் உப்பவைத்த மாவில் இது பெரிதாக நடப்பதில்லை. அப்புறம் இன்னொன்று: நீண்ட நேரம் புளித்த மாவில் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலிகளும் குறைகின்றன, கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பவர்களில் பலருக்குக் காரணம் குளூட்டனாக இல்லாமல் இதுவாகவும் இருக்கலாம்.

முளைக்கவைப்பது இன்னும் ஒரு படி மேலே. விதைக்கு குளூட்டன் என்பது முளைக்கும் செடிக்காகச் சேமித்து வைத்த சாப்பாடு, அதனால் நம் வயிற்றிடம் இல்லாத, புரோலின் பக்கத்திலும் வெட்டத் தெரிந்த நொதிகளை அது தானே தயாரித்துக்கொள்கிறது. அப்படியும் எல்லாத் துண்டுகளும் தீர்ந்துவிடுவதில்லை, ஆகவே செலியாக் நோய் உள்ளவர்கள் புளித்ததோ முளைத்ததோ, சாதாரணக் கோதுமை பிரெட்டைத் தொடவே கூடாது.