தளத்தை மாற்றினோம், மின்னஞ்சல் ஏன் நின்றது?

ஹோஸ்டிங் மாற்றும்போது புதிய நிறுவனத்திடமிருந்து பெரும்பாலும் வருவது ஒரே அறிவுரைதான்: "நேம்சர்வரை மாற்றிவிடுங்கள்." மாற்றியதும் தளம் அழகாகத் திறக்கும். மின்னஞ்சல் மட்டும் வராது. பலர் அதைக் கவனிப்பதே, "அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டது" என்று யாராவது தொலைபேசியில் சொன்ன பிறகுதான்.

ஒரு டொமைனின் தளமும் அஞ்சலும் எந்த சர்வரில் உள்ளன என்று சொல்லும் பதிவேடுதான் டிஎன்எஸ்; அதை வைத்திருக்கும் சர்வர் நேம்சர்வர். நேம்சர்வரை மாற்றுவது என்றால் அந்த மொத்தப் பதிவேட்டையும் வேறு இடத்துக்கு மாற்றுவது. பழைய இடத்தில் இருந்த பதிவுகள் தாமாக உடன் வராது. தளத்தை மட்டும் நகர்த்த அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஏ ரெக்கார்டு என்ற பதிவில் தள சர்வரின் ஐபி முகவரியை (இணையத்தில் அதன் எண் முகவரி) மாற்றினால் போதும்.

பிரவுசர் தேடுவது ஏ ரெக்கார்டை. ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வழியாக வருபவர்களுக்கு நான்கு-ஏ (AAAA) ரெக்கார்டு. பழைய நான்கு-ஏ ரெக்கார்டை நீக்க மறந்தால் சிலருக்குப் புதிய தளமும் சிலருக்குப் பழைய தளமும் தெரியும். மின்னஞ்சல் அனுப்பும் சர்வரோ, அஞ்சலைப் பெறும் சர்வர் எது என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை முதலில் கேட்கும். அதில் எண் குறைவாக உள்ள சர்வருக்கே முன்னுரிமை. அதனால் தளம் ஓரிடத்திலும் அஞ்சல் வேறிடத்திலும் இருப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

எம்எக்ஸ் இல்லாமலே போனால் அனுப்பும் சர்வர் ஏ ரெக்கார்டில் உள்ள முகவரிக்கே அஞ்சலைக் கொண்டுபோகும். அங்கே இருப்பது வெப் சர்வர். "இப்படி ஒரு பயனர் இல்லை" என்று அது சொன்னால் அஞ்சல் அப்போதே திரும்பிவிடும். சர்வர் பதிலே சொல்லாமல் கிடந்தாலாவது அனுப்பும் பக்கம் பொதுவாக நான்கைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயலும். செத்த சர்வரை விடத் தப்பான சர்வர் ஆபத்தானது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு பொறி, ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் இருக்கிறது. எம்எக்ஸ் சரியாக இருந்தாலும், அஞ்சல் வழி 'லோக்கல்' என்று அமைந்திருந்தால் தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து உங்கள் டொமைன் முகவரிக்குப் போகும் அஞ்சல் அந்த சர்வருக்குள்ளேயே தங்கிவிடும். அதை 'ரிமோட்' ஆக்க வேண்டும்.

எம்எக்ஸ் மதிப்பாக ஒரு சர்வர் பெயர்தான் வர வேண்டும். ஐபி முகவரியும் கூடாது, சிநேம் (ஒரு பெயரை வேறொரு பெயருக்குத் திருப்பும் பதிவு) உள்ள பெயரும் கூடாது. மூல டொமைனுக்கே (www போன்ற முன்னொட்டு இல்லாத பெயர்) சிநேம் போடுவதும் தவறு. ஒரு பெயரில் சிநேம் இருந்தால் அதே பெயரில் எம்எக்ஸ் போன்ற மற்ற பதிவுகள் இருக்கக் கூடாது.

உரை வடிவில் இருக்கும் டிஎக்ஸ்டி பதிவுகளில்தான் சத்தமில்லாத சேதம் நடக்கிறது. அஞ்சல் போகும், ஆனால் ஸ்பேமில் விழும். எஸ்பிஎஃப், அதாவது உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல், ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்று. செய்திமடல் சேவைக்கென்று இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது; பழையதற்குள்ளேயே புதிய சேவையை இணைக்க வேண்டும். அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டினாலும் தோல்விதான். 2048 பிட் டிகிம் சாவி (அஞ்சலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது), டிஎக்ஸ்டியில் ஒரு சரத்துக்கான 255 எழுத்து வரம்பைத் தாண்டும். சில பேனல்கள் அதைத் தாமே பிரிக்கும், சிலவற்றில் நாம்தான் பிரித்துப் போட வேண்டும். இந்தச் சோதனைகளில் தோற்ற அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் 'நன்' (எதுவும் செய்யாதே) கொள்கையில் வைத்து அறிக்கைகளைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' போட்டால் உங்கள் பில்லிங் மென்பொருள் அனுப்பும் அஞ்சலே தடுக்கப்படலாம்.

நேரக் கணக்கும் முக்கியம். டிடிஎல் (ஒரு பதிலை எத்தனை வினாடி நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 86400 என்றிருந்தால் பழைய பதில் ஒரு நாள் வரை கேஷில் நிற்கும். எனவே மாற்றத்துக்கு ஒரு நாளாவது முன்னதாக அதை 300 ஆக்குங்கள். மாற்றும் நேரத்தில் குறைப்பதால் பயனில்லை. நேம்சர்வர் மாற்றத்தில் இந்தப் பிடியும் உங்களிடம் முழுதாக இல்லை: டாட் காம் பதிவகம் தரும் நேம்சர்வர் பதிலின் டிடிஎல் 1,72,800 வினாடி, அதாவது இரண்டு நாள்.

நேம்சர்வரை மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் பழைய பதிவுகள் அனைத்தையும் புதிய இடத்தில் உள்ளிடுங்கள். பிறகு டிஎன்எஸ் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் டிக் (dig) கட்டளையால் புதிய நேம்சர்வரையே நேரடியாகக் கேட்டு, எம்எக்ஸ், டிஎக்ஸ்டி இரண்டும் பழையதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் முறை) இயங்கினால், ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிவு செய்த நிறுவனம்) உள்ள, அந்தக் கையொப்பச் சாவியைச் சுட்டும் டிஎஸ் ரெக்கார்டை முன்கூட்டியே நீக்கி, அதன் டிடிஎல் கழியும் வரை பொறுங்கள். பழைய டிஎஸ் அப்படியே நின்றால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர்களில் (பயனர்களுக்காக டிஎன்எஸ் தேடும் சர்வர்கள்) தளம், அஞ்சல் இரண்டுமே திறக்காது. பழைய கணக்கை இரண்டு நாளாவது மூடாமல் வைத்திருங்கள்.